டிஸ்க் தூரமா பறக்கணுமா? கையை விடுங்க, காலைக் கவனிங்க!

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வரும் அப்பா, அம்மாக்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். மாலை நடைக்குப் போகிற பூங்காவில், மரங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பம். அதன் உச்சியிலிருந்து சங்கிலிகள் தொங்கும். கீழே ஒரு கம்பிக்கூடை. குப்பை போடுவதற்கா, பறவைக்குத் தீனி வைப்பதற்கா என்று யோசிக்கும்போதே, எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் தட்டு பறந்து வந்து 'ஜல்' என்று சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும். பின்னாலேயே தோளில் பையோடு நாலு பேர் அரட்டை அடித்தபடி நடந்து வருவார்கள்.

அதுதான் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃபில் பந்தும் மட்டையும். இங்கே தட்டும் கையும். டீ என்ற இடத்தில் (குடிக்கிற டீ இல்லை, முதல் எறிதலுக்கான மேடை) தொடங்கி, தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, எத்தனை குறைவான எறிதலில் கூடைக்குள் போடுகிறோம் என்பதுதான் ஆட்டம். பெரும்பாலும் 18 கூடைகள். ஆடி முடித்தால் சில கிலோமீட்டர் நடந்திருப்போம், நடந்ததே தெரியாது.

இதற்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். 'வாம்-ஓ' பொம்மை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஃபிரிஸ்பீயின் மேற்புறத்தில் வளையக் கோடுகளைச் சேர்த்து, அது தள்ளாடாமல் பறக்க வழி செய்தவரும் அவர்தான். 1975-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஓக் க்ரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவர் உருவாக்கியதே. 2002-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் செய்தார்கள். அவ்வளவு பிரியம் மனிதருக்கு!

இன்று அமெரிக்கா, ஃபின்லாந்து, எஸ்தோனியா போன்ற நாடுகளில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு இது. பல பூங்காக்களில் கட்டணமே கிடையாது. இரண்டு மூன்று டிஸ்க் இருந்தால் போதும். ஆனால் ஆசையாகத் தொடங்கும் பெரியவர்களில் சிலர் முழங்கை வலி, தோள்பட்டை வலி என்று சில மாதங்களிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். காரணம் வயது இல்லை, எறிகிற முறை. அதிலும் பேக்ஹேண்ட்.

தூரம் எங்கிருந்து வருகிறது?

கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், புறங்கை முன்னால் வரும்படி வீசுவதுதான் பேக்ஹேண்ட். கடற்கரையில் ஃபிரிஸ்பீ போடும்போது எல்லோரும் இயல்பாகச் செய்வது. சென்னை பெசன்ட் நகர் பீச்சில் 'அல்டிமேட்' ஆடுகிற பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர்கள் வீசுவது 27 சென்டிமீட்டர் அகலத் தட்டு. டிஸ்க் கோல்ஃபில் தூரத்துக்கு எறியும் டிரைவர் 21 சென்டிமீட்டர்தான். விளிம்பு கத்தி மாதிரி மெலிந்து, கெட்டியாக இருக்கும். (இதை ஒருவருக்கொருவர் வீசிப் பிடித்து விளையாடக் கூடாது. பட்டால் காயம்தான்.) காற்றைக் கிழித்துப் போகிற தட்டு என்பதால், எறிவதில் இருக்கும் சின்னத் தவறும் பெரிதாகத் தெரிந்துவிடும்.

புதிதாக வருபவர் என்ன செய்வார்? நாலடி வேகமாக ஓடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சுழற்றுவார். தட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு பட்டம் மாதிரி மேலே ஏறி, நின்று, இடது பக்கம் சரிந்து விழும். நாற்பது, ஐம்பது மீட்டர். அடுத்து வரும் ஒல்லிப் பெண் சாவகாசமாக மூன்று அடி வைத்து வீசுவாள். அது நூறு மீட்டர் தாண்டிப் போகும். பார்ப்பவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும்.

மந்திரம் இல்லை, சங்கிலித்தொடர். பாதத்தில் பிறக்கிற விசை இடுப்புக்கு, இடுப்பிலிருந்து முதுகுக்கு, தோளுக்கு, முழங்கைக்கு, மணிக்கட்டுக்கு, கடைசியில் தட்டுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். துவைத்த துண்டைக் கொடியில் போடுவதற்கு முன் ஓர் உதறு உதறுகிறோமே, அதுபோல. கை சின்னதாகத்தான் அசையும், துண்டின் நுனியில் 'படீர்' என்று சத்தம் வரும். கை மட்டும் எறிந்தால், கீழேயிருந்து வர வேண்டிய விசை முழுவதையும் முழங்கையும் தோளும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. வலி அங்கேதான் வரும்.

அந்த மூன்று அடிகள்

இனி வரும் இடது, வலது எல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

கூடையைப் பார்த்து நேராக நிற்கக் கூடாது. வலது தோள் கூடையைக் காட்டும்படி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதலில் வலது காலை எறியும் திசையில் ஓர் அடி. அடுத்து இடது கால், வலது காலுக்குப் பின்பக்கமாகக் குறுக்கே போய் ஊன்றும். அந்தக் கணத்தில் கால்கள் பெருக்கல் குறி மாதிரி இருப்பதால்தான் இதற்கு 'எக்ஸ்-ஸ்டெப்' என்று பெயர். மூன்றாவதாக வலது கால் நீண்டு முன்னால் போய் அழுத்தமாக ஊன்றும். அந்த ஊன்றுதலுக்கு 'பிரேஸ்' என்கிறார்கள். அவ்வளவுதான், வேறு நடனம் கிடையாது.

இந்த மூன்றாவது அடியில்தான் விஷயமே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் என்ன ஆகும்? பஸ் நின்றுவிடும், நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் பாய்வார்கள். வலது கால் போடுவது அந்த பிரேக். முன்னோக்கிப் போன உடம்பை அது நிறுத்துகிறது. நின்ற உடம்பின் வேகம் இடுப்பைத் திருப்பி, தோளுக்கும் கைக்கும் பாய்கிறது. வேகப்பந்து வீச்சாளர் முன்காலை விறைப்பாக ஊன்றிப் பந்தை விடுவதும் இதே கணக்குதான். பிரேக் போடாமல் ஓடிக்கொண்டே எறிந்தால், வேகம் உடம்போடு போய்விடும், தட்டுக்குக் கிடைக்காது.

அதனால், ஓட வேண்டாம். நடந்தால் போதும். எந்த வேகத்தில் வந்தால் முன்காலில் பிரேக் போட்டு நிற்க முடியுமோ, அதுதான் ஒருவருக்கான வேகம். 2022, 2023 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பெண்கள் உலகச் சாம்பியன் ஆன எஸ்தோனியாவின் கிறிஸ்டின் தத்தார் எறிகிற வீடியோக்களைப் பாருங்கள். காய்கறிக் கடைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக இரண்டடி வைப்பார், கடைசி அடியில்தான் அத்தனை வேகமும்.

முன்கால் ஊன்றும்போது பாதத்தின் விரல்கள் கூடையை நோக்கி இருக்கக் கூடாது. பக்கவாட்டிலோ, அதைவிடக் கொஞ்சம் முன்பக்கம் திரும்பியோ இருக்கலாம். விரல் கூடையைப் பார்த்தால் இடுப்பு முன்கூட்டியே திறந்துவிடும். அப்புறம் திருப்புவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

செல்போனே கோச்

இதையெல்லாம் படித்தாலும், நாம் என்ன செய்கிறோம் என்பது நமக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். 'கையை நன்றாகப் பின்னால் கொண்டுபோய்த்தான் எறிகிறேன்' என்று சத்தியம் செய்பவரின் வீடியோவைப் பார்த்தால், கை பாதிகூடப் பின்னால் போயிருக்காது. கையில் இருக்கிற போனை ஒரு மரத்தில் சாய்த்து வைத்து, ஸ்லோமோஷனில் பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று எடுத்துவிடுங்கள்.

வீடியோவில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முன்கால் தரையைத் தொடும் அந்தப் பிரேமில் நிறுத்துங்கள். டிஸ்க் எங்கே இருக்கிறது? உடம்புக்குப் பின்னால், கை எட்டும் கடைசி இடத்தில் இருந்தால் நல்லது. ஏற்கெனவே மார்புப் பக்கம் வந்துவிட்டிருந்தால், கால் ஊன்றுவதற்கு முன்பே கை கிளம்பிவிட்டது என்று அர்த்தம். சங்கிலியின் முதல் கண்ணி மாட்டுவதற்குள் கடைசிக் கண்ணியை இழுத்தாயிற்று. புதியவர்களிடம் அதிகம் காணப்படும் கோளாறு இது. மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி, இடது கால் குறுக்கே போகும்போதே கையைப் பின்னால் கொண்டுபோகப் பழகுவது. கூடவே தலையும் திரும்பட்டும். 'கூடையைப் பார்க்காமல் எப்படி எறிவது' என்று பலருக்குப் பயம். உலகச் சாம்பியன்களும் அந்தக் கணத்தில் கூடையைப் பார்ப்பதில்லை. கண்ணைக் கூடையிலேயே ஒட்டிவைத்தால் தோள் முழுதாகத் திரும்பாது.

இரண்டாவது, எறிந்து முடித்த பிறகு எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். உடம்பு பின்னால் சாய்ந்து இடது காலில் நின்றால், எடை முன்காலுக்கு வரவே இல்லை. மேடையைத் தாண்டி நாலடி ஓடிப்போய் நின்றால், பிரேக் பிடிக்கவில்லை. வலது காலில் கொஞ்ச நேரம் நிலையாக நிற்க முடிந்தால், கால் தன் வேலையைச் செய்திருக்கிறது.

கை செய்ய வேண்டியது

கால் சரியானால் கைக்கு வேலை குறைவு. கடை வாசலில் சின்ன ஜெனரேட்டரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை முன்னால் வர, கை மார்பை ஒட்டி நேர்கோட்டில் வரும். பேக்ஹேண்டில் கை வரும் பாதையும் அதேதான். வட்டமடித்துக் கொண்டுவந்தால் தட்டு எந்தத் திசையில் கையை விட்டுப் போகும் என்று சொல்லவே முடியாது. மேல்கை மார்போடு ஒட்டி மடங்கிவிடக் கூடாது. முழங்கைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு தலையணை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு வலது மார்புக்கு வரும்வரை பிடி தளர்வாக இருக்கட்டும், அதன் பிறகுதான் வேகமும் இறுக்கமும்.

தட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறதா? மணிக்கட்டை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து, கட்டைவிரலைத் தட்டின் மேல் அழுத்தி, முழங்கையிலிருந்து தட்டுவரை ஒரே கோடாக இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். கடைசியில் இடது பக்கம் சரிவது தப்பில்லை. வலது கை பேக்ஹேண்டில் தட்டு கடிகார முள் திசையில் சுழல்வதால், வேகம் குறையும்போது இடப்பக்கம் இறங்குவது அதன் இயல்பு. அதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குறி பார்த்தால் போதும்.

கடையில் டிஸ்க் வாங்கும்போது அதன் மேல் நான்கு எண்கள் இருக்கும். முதல் எண் வேகம். 12, 13 என்று போட்டிருப்பதை வாங்கினால் தூரம் போகும் என்று நினைத்து ஏமாறாதவர்கள் குறைவு. அந்த வேகத்துக்கு எறியும் ஆளுக்குத்தான் அது பறக்கும். மற்றவர்களுக்கு உடனே இடது பக்கம் சரிந்து விழும். வேகம் குறைந்த புட்டர், மிட்ரேஞ்ச் டிஸ்க்குகளில் பழகுவதே புத்திசாலித்தனம். அவை நம் தவறை மறைக்காது. புட்டரை இளக்காரமாக நினைக்கவும் வேண்டாம். 2021 உலகச் சாம்பியன்ஷிப்பில், கடைசிக் கூடையில் சுமார் 75 மீட்டர் தூரத்திலிருந்து ஜேம்ஸ் கான்ராட் நேராகச் சங்கிலிக்குள் போட்டது ஒரு புட்டரைத்தான். அந்த எறிதலில் ஆட்டத்தைச் சமன் செய்து, பிளேஆஃபில் பட்டத்தையும் பால் மெக்பெத்திடமிருந்து பறித்தார்.

பழகும் வரிசையும் முக்கியம். முதல் சில வாரங்கள் ஓட்டமும் வேண்டாம், எக்ஸ்-ஸ்டெப்பும் வேண்டாம். கால்களை அகட்டி நின்ற இடத்திலேயே எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றி எறியுங்கள். மொத்தத் தூரத்தில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடும். எக்ஸ்-ஸ்டெப் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதுதான். அடுத்து ஓர் அடி மட்டும் வைத்து. மூன்றடி கடைசியில் வரட்டும். மர வேர்கள் புடைத்த இடம், சரிவு, மழையில் வழுக்குகிற சிமென்ட் மேடை என்றால் அனுபவசாலிகளே நின்றபடிதான் எறிகிறார்கள். கூடைக்கு 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் விதியே அதைத்தான் கேட்கிறது: எறிந்த பிறகு தடுமாறி முன்னால் போகாமல், நிலையாக நின்று காட்ட வேண்டும்.

அமெரிக்க வீரர் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 2016-ல் நெவாடா பாலைவனத்தில், பலத்த பின்காற்றில் 338 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தார். அந்தக் கணக்கை நாம் பார்க்க வேண்டியதில்லை. ஐம்பது மீட்டர் எறிகிறவர் எழுபது எறிந்தாலே ஒவ்வொரு கூடையிலும் ஓர் எறிதல் மிச்சமாகலாம்.

முழங்கால் பற்றி ஒரு விஷயம் பாக்கி. தட்டு கையை விட்டதும் உடம்பு தொடர்ந்து சுற்றும். அப்போது ஊன்றிய வலது பாதமும் குதிகாலின் மேல் கூடையின் பக்கம் திரும்ப வேண்டும். பாதம் தரையில் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். ஆழமான முட்கள் வைத்த ஷூ, பாதம் புதையும் மணல் இரண்டிலும் இந்த ஆபத்து உண்டு. ஏற்கெனவே முழங்கால் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நின்றபடி எறிவதோடு நிறுத்திக்கொள்ளலாம். எறிவதற்கு முன் தோள், இடுப்பு, மணிக்கட்டைச் சுழற்றி ஐந்து நிமிடம் வார்ம்-அப். முதல் பத்து எறிதல்கள் பாதி வேகத்தில். முழங்கையின் வெளிப்பக்கம் லேசாகக் குத்த ஆரம்பித்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று பையைக் கட்டிவிட வேண்டியதுதான்.