லமினின் சிலுவையும் கண்ணின் தையலும்

லமினின் என்ற சொல்லை நம் வாலிபரில் பலர் முதன்முதலில் கேட்டது உயிரியல் வகுப்பில் அல்ல, சபையில்தான். அமெரிக்கப் போதகர் லூயி கிக்லியோ அதைப் பற்றிப் பேசிய காணொளி ஒரு காலத்தில் வாலிபர் கூடுகை தவறாமல் ஓடியது. உடலைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு புரதம். அதன் படத்தைத் திரையில் போட்டால் சிலுவை. பிறகு அந்தப் படம் டீ-ஷர்ட்டிலும் வந்தது.

படம் பொய்யல்ல. லமினின் மூன்று சங்கிலிகள் முறுகி ஆனது. ஒரு நீண்ட கை, மூன்று குட்டைக் கைகள். பாடநூல்கள் அதைச் சிலுவை வடிவில்தான் வரைகின்றன. ஆனால் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கைகள் நினைத்த பக்கமெல்லாம் வளைந்து கிடக்கும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: நம் விசுவாசத்துக்கு ஒரு புரதத்தின் வரைபடம் வந்து சாட்சி சொல்லத் தேவையில்லை. படத்தோடு நின்றுவிட்டதால், அந்தப் புரதம் செய்கிற வேலையை நாம் பார்க்காமல் விட்டோம் என்பதே எனக்குக் குறை. அந்த வேலையை நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் கண். நம் வீடுகளில் மெதுவான குரலில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது: குழந்தை கண்ணில் ஒரு வெட்டோடு பிறந்தால், அது யாருடைய குற்றம்?

நம் உடல் கலங்களால் ஆனது என்று படித்திருக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல் செல்கள் என்கிறது, இலங்கைப் பாடநூல் கலங்கள் என்கிறது, இரண்டும் ஒன்றே. கலங்கள் தாங்களே நாரையும் பசையையும் சுரந்து, தங்களைச் சுற்றிப் பரப்பி வைக்கின்றன. அந்தப் பரப்பின் மிக மெல்லிய விரிப்புக்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. லமினின் அதில் ஒரு வலை, நான்காம் வகைக் கொலாஜன் இன்னொரு வலை. வேறு சில புரதங்கள் இரண்டையும் கோக்கின்றன. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் உடற்கூற்றைத் தமிழிலேயே கற்பித்த மருத்துவ மிஷனரி சாமுவேல் கிறீன் காலத்தில் லமினின் என்ற பெயரே இல்லை. அது பெயர் பெற்றது 1979இல்.

கண் எப்படித் தொடங்குகிறது? கருவுற்று நான்காம் வாரத்தில், மூளையாகப் போகிற குழாயின் இரு பக்கமும் இரண்டு புடைப்புகள் கிளம்பி, வெளித்தோலைப் போய்த் தொடுகின்றன. இடையில் உள்ள நாரும் பசையும் புடைப்பையும் தோலையும் ஒட்டிப் பிடித்துக்கொள்கின்றன. தோல் கலங்கள் பெருகிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒட்டிய இடத்தை விட்டுப் பரவ முடியாது. காலை எட்டு மணிக்கு 54 லோரன்ஸ் ஈஸ்ட் பஸ்ஸில் கெனடி வீதியைத் தாண்டியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடம் கூடாது, ஆள் கூடும். எல்லோரும் ஒடுங்கி நெட்டையாக நிற்போம். கலங்களும் அப்படியே ஒடுங்கி உயர்ந்து, அந்தத் தோல் தடித்து, உள்ளே குழிந்து, கடைசியில் கிள்ளி எடுத்தது போலத் தனி உருண்டையாகிறது. அதுதான் கண்ணின் வில்லை. கோழிக் கருவை வைத்து 1970களில் சொல்லப்பட்ட இந்த விளக்கத்தை, 2011இல் எலிகளில் சோதித்தார்கள். ஃபைப்ரோனெக்டின் என்ற பசைப் புரதத்தை எடுத்துவிட்டபோது தோல் தடிக்கவில்லை, வில்லையும் உருவாகவில்லை.

அந்த உருண்டையைச் சுற்றி ஓர் அடித்தளச் சவ்வு உறை போல அமைகிறது. உடலில் உள்ள அடித்தளச் சவ்வுகளில் மிகத் தடிப்பானது அதுவே. வயதோடு அது இன்னும் தடிக்கும். உங்கள் அம்மம்மாவுக்குக் கற்றராக் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், மருத்துவர் அந்த உறையில் வட்டமாக ஒரு வாசல் வெட்டி, மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, செயற்கை வில்லையை அதே உறைக்குள் வைத்திருப்பார். அம்மம்மா இன்று வேதம் வாசிக்கும் வில்லை, அவர் தாயின் வயிற்றில் தொடங்கிய உறைக்குள் இருக்கிறது.

இனி கடினமான கட்டம். மூளையிலிருந்து வந்த புடைப்பு உள்ளே மடிந்து கிண்ணமாகிறது. கிண்ணத்தின் அடிப்பக்கத்தில், மூக்கை நோக்கிச் சற்றுச் சாய்ந்து, ஒரு நீளமான பிளவு இருக்கும். வளரும் கண்ணுக்கு இரத்தக் குழாய் உள்ளே போக வேண்டும், அதற்கு அந்தப் பிளவு வேண்டும். குழாய் போனபின் அதை மூட வேண்டும். ஐந்தாம் வாரம் தொடங்கி ஏழாம் வாரத்துக்குள், நடுவில் ஆரம்பித்து இரு பக்கமும் ஸிப் இழுப்பது போல அது மூடுகிறது. அப்போது முழுக் கருவும் இரண்டு சென்ரிமீற்றர்கூட இல்லை.

இரு விளிம்பும் தொட்டால் போதும், ஒட்டிவிடும் என்று நினைக்கலாம். ஒட்டாது. ஒவ்வொரு விளிம்பும் தன் சொந்த அடித்தளச் சவ்வைப் போர்த்தியிருக்கிறது. வீட்டில் பற்றிஸ் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஓரத்தில் காய்ந்த மா படிந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் எண்ணெயில் போட்டதும் வாயைப் பிளக்கும். ஓரத்தைத் துடைத்து நனைத்தால்தான் மூடும். கண்ணிலும், சரியான நாளில், சரியான அந்த ஓரத்தில் மட்டும், லமினினும் கொலாஜனும் கரைய வேண்டும். கலங்கள் நேருக்கு நேர் பிடித்துக்கொண்டபின், இணைந்த பரப்பின் மேல் சவ்வு மறுபடி ஒரே விரிப்பாகப் போடப்படும். நான்காம் வாரத்தில் விரித்துக் கண்ணைத் தொடக்கிவைத்தது எதுவோ, அதையே ஆறாம் வாரத்தில் ஓரிடத்தில் அகற்றித்தான் கண் முடிக்கப்படுகிறது. "சேர்த்துப் பிடிக்கும் புரதம்" என்ற காணொளியில் இந்தப் பாதி வரவில்லை.

அந்த ஓரத்தில் வேலை செய்கிற இன்னொரு புரதம் நெட்ரின். லமினினின் உறவுக்காரன், அதன் ஒரு பகுதி லமினினை ஒத்தது. 2019இல் எடின்பரோ ஆய்வாளர்கள் கோழிக் கருவில் இதைக் கண்டார்கள்: பிளவு மூடும் நேரத்தில் அதன் விளிம்பில் நெட்ரின் நிரம்பியிருக்கிறது. அது இல்லாத எலிகளின் கண்கள் மூடாமல் பிளந்தே நின்றன. பெயரின் கதை சுவையானது. 1994இல் அந்தப் பெயரை வைத்தது மார்க் டெசியே-லவீன் குழு. அவர் பிறந்த ட்ரென்டன், நமக்கு வடக்கே ஓடும் 401இல் கிழக்கே போனால் ஒன்றரை மணித்தியாலம். நரம்புகளுக்கு வழி காட்டும் புரதம் என்பதால், வழிகாட்டுபவர் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார்கள். நேதாஜியில் உள்ள நேதா அதே சொல்தான். நேத்திரம் பிறந்ததும் அதே வேரிலிருந்து. கண்ணை மூடித் தைக்கவும் அந்தப் புரதம் வேண்டும் என்பது பெயர் வைத்தபோது அவர்களுக்குத் தெரியாது.

பிளவு முழுதாக மூடாமல் விட்டால் அதற்கு கொலபோமா என்று பெயர். கண்ணின் நிற வளையத்தில் மட்டும் இருந்தால், கண்மணி வட்டமாக இல்லாமல் கீழ்நோக்கிச் சாவித்துவாரம் போலத் தெரியும். வெளிச்சம் கூசும், பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிளவு விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் போயிருந்தால் பார்வை குறையலாம். சில பிள்ளைகளில் இதயம், காது என்று வேறு உறுப்புகளும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கும். அதனால் கண்ணோடு நிறுத்தாமல் அவற்றையும் பரிசோதிப்பார்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 8 சூரிய கிரகணம் நினைவிருக்கும். ரொறன்ரோவில் பாடசாலைகள் மூடியிருந்தன. கிரகணத்தில் கர்ப்பிணி கத்தி பிடித்தால் பிள்ளைக்கு உதடோ கண்ணோ வெட்டுப்படும் என்ற பேச்சு, ஊரிலிருந்து நம்மோடு விமானம் ஏறி வந்தது. கிறிஸ்தவ வீடுகள் அதற்கு விலக்கில்லை. கிரகணத்தை விட்டவர்கள் பாவத்தைப் பிடிப்பார்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் அதைத்தானே. அங்கே கிடைத்த பதிலையும் நாம் வாசித்திருக்கிறோம். பல தாய்மாருக்குக் கர்ப்பம் உறுதியாகிற நாட்களிலேயே இந்தத் தையல் நடந்துகொண்டிருக்கிறது. மூன்றாம், நான்காம் மாதத்தில் அவள் எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று கேட்பவர்கள், முடிந்துபோன வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள்.

குற்றம் இல்லை என்றால் காரணமும் இல்லையா? சில குடும்பங்களில் மரபணுக் காரணம் உண்டு. தென்னிந்தியாவில், ஆந்திரப் பிரதேசத்தில், கொலபோமாவோடு பிறந்த பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிக் குடும்பங்களில் பெற்றோர் இரத்த உறவினர். அந்தப் பகுதியில் உறவுத் திருமணம் பொதுவாகவே அதிகம் என்பதையும் சேர்த்துத்தான் இதை வாசிக்க வேண்டும். என்றாலும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. யாழ்ப்பாணத்தில் மச்சான் மச்சாள் கலியாணம். தமிழ்நாட்டில் தாய்மாமனும் உண்டு. முதல் தலைமுறை மச்சானும் மச்சாளும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள், மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்தால்தான் வெளிப்படும் நோய்களுக்கு இது வாசலைச் சற்று அகலமாகத் திறக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனாலும் சம்பந்தம் பேசும் மேசையில் இதையும் பேசலாம். சாதகம் பார்ப்பதைக் கைவிட்ட நமக்கு இதற்கு நேரம் இருக்கும்.

அப்படியான நோய் ஒன்று லமினினிலேயே இருக்கிறது. பியர்சன் நோய், 2004இல் மரபணு அடையாளம் காணப்பட்டது. லமினினின் ஒரு சங்கிலி பிழைத்தால், குழந்தையின் கண்மணி ஊசிமுனை போல ஒடுங்கியிருக்கும், சிறுநீரகமும் பழுதாகும். மிக அரிது. நான்காம் வகைக் கொலாஜன் பிழைக்கும் அல்போர்ட் நோய் அவ்வளவு அரிதல்ல. சிறுநீரில் இரத்தம், வாலிப வயதில் குறையும் செவி, முன்னே கூம்பும் வில்லை. கண்ணும் சிறுநீரக வடியும் காதும் ஒரே விதமான விரிப்பில் நிற்பதால், கண் பார்க்கும் மருத்துவர் சில வேளை "சிறுநீரைச் சோதித்தீர்களா?" என்று கேட்பார். குழம்ப வேண்டாம், அவர் சரியாகத்தான் கேட்கிறார்.

டோர்செட் பார்க்கில் உள்ள பெற்றோருக்கு: ஒன்ராறியோவில் 19 வயது வரை வருடம் ஒரு முழுக் கண் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் கொடுக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதமானதும் முதல் தடவை காட்டலாம். கைத்தொலைபேசிப் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் திரும்பத் திரும்ப மின்னினால் ஆறு மாதத்துக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள். குடும்பத்தில் பிறவிக் கண் குறை இருந்தால், குடும்ப மருத்துவர் வழியாக சிக் கிட்ஸ் மருத்துவமனையின் கண் மரபணுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். விழித்திரையில் கொலபோமா உள்ளவர்களுக்கு விழித்திரை கழரும் ஆபத்து பெரியவர்களானபின்னும் உண்டு. பார்வையில் திடீரென்று மின்னல் பொறிகளோ திரை விழுவது போன்ற நிழலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒன்று. பிளவு கண்ணின் அடிப்பக்கத்தில் இருப்பதால், இந்தப் பிள்ளைகளுக்கு மறைவது மேல்பக்கக் காட்சி. நாடியை உயர்த்தி அண்ணாந்து பார்க்கிற பிள்ளை அடம் பிடிக்கவில்லை, தேடுகிறது. பாட்டு வரிகளைத் திரையின் உச்சியில் போடாமல் கீழ்ப் பாதியில் போடச் சொல்லி, ஒளிப்படக் கருவிக்குப் பொறுப்பான தம்பியிடம் கேளுங்கள்.