சங்கராபரணிக் கரையோடு வடமேற்கே

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பலர் கடற்கரைச் சாலையோடு நின்றுவிடுகிறார்கள். இந்த மண்ணின் அமைப்பை அறிய ஆசைப்படுகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, சங்கராபரணியின் கரையோடு வடமேற்கே ஏற வேண்டும் என்பேன். செஞ்சி மலைப் பகுதியில் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, வில்லியனூர்ப் பக்கம் வரும் இந்த ஆறு, கடைசியில் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. அலையடிக்கும் திறந்த கடலோரத்தில் மரக்கலங்களுக்கு ஒதுங்க இடமில்லை; ஆற்றின் உள்வாய்தான் அந்த இடத்தைக் கொடுத்தது. பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் எழுந்ததற்கு அதுவே காரணம். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளும் இத்தாலிய மட்கலங்களும் வெளிவந்தன. சுண்ணாம்பாற்றில் படகேறுகிறவர்கள் காண்பது இந்த ஆற்றின் வால் பகுதியை மட்டுமே.

திருக்காஞ்சி, வில்லியனூர் தாண்டி மேலே போனால் சுத்துக்கேணி. பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டிய ஊர் இது. ஊசுட்டேரிக்கு ஆற்று நீரைக் கொண்டுசேர்க்கும் வாய்க்காலும் இங்கிருந்துதான் போகிறது. இன்னும் மேலே, ஆற்றங்கரையில் திருவக்கரை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா அங்கே இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சில 30 மீட்டர் நீளம் வரை உள்ளவை. அவற்றில் வேரும் கிளையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்திலேயே நின்று மடிந்த காடாக இருந்தால் அடிவேராவது மிஞ்சியிருக்கும். எனவே, பழங்கால வெள்ளம் ஒன்று வேறெங்கிருந்தோ அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் இவை என்கிறார்கள் அறிஞர்கள். மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் இழைக்குள் புகுந்து மெல்ல மெல்ல அதைக் கல்லாக்கியது. இவற்றைப் பொதிந்து வைத்திருப்பது கடலூர் மணற்கல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே கிடப்பதும், புதுச்சேரியின் நிலத்தடி நீரைத் தாங்குவதும் இந்த மணற்கல்தான். குழாயில் வரும் தண்ணீருக்கும் திருவக்கரைக் கல்லுக்கும் உள்ள இந்த உறவை நகர மக்கள் அறிந்திருக்க வேண்டாமா?

வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் ஆற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வறட்சிதான் வசதி. நீர் வடிந்த பிறகே கரையின் மண்ணடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் படுகைக்குள் இறங்கவே கூடாது; 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை அடுத்து, அணை நீரும் சேர்ந்து கரையோர ஊர்கள் மூழ்கின. ஆள் நடமாட்டம் கூடினால் கல்மரத் துண்டுகள் களவு போகும் என்ற கவலை அந்தக் கேள்வியைவிட வலுவானது, நியாயமானதும்கூட. ஆனால் மதிப்பு தெரியாத இடத்தில்தான் அவை வெறும் கல்லாகப் பையில் ஏறுகின்றன. வேலியைப் பூங்காவுக்குப் போடலாம், ஆற்றுப்படுகை முழுக்கப் போட முடியாது. வருகிறவர்களுக்கு வழிகாட்டி விளக்க, கரையோர ஊர் இளைஞர்களைப் பழக்குவதே நடக்கக்கூடிய காவல். போக ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது ஊசுட்டேரியில் வலசைப் பறவைகளையும் பார்த்துவிடலாம்.