கல்லீரல் நோயுள்ள குழந்தைக்குப் பத்தியம் வேண்டாம்

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியும் உப்பில்லாக் கஞ்சியும் நினைவுக்கு வருவது நம் பகுதி வழக்கம். எண்ணெய் ஆகாது, முட்டை ஆகாது, பருப்பும் ஆகாது என்று வீட்டுப் பெரியோர் அன்போடுதான் சொல்கின்றனர். ஆனால், பித்தநாள அடைப்பு போன்ற நாட்பட்ட கல்லீரல் நோயோடு பிறந்த குழந்தைக்கு இந்தப் பத்தியம் பட்டினியாகவே முடிகிறது.

கொழுப்பு செரிக்கப் பித்தநீர் வேண்டும். அது குடலுக்கு வந்து சேராதபோது, உண்ட கொழுப்பின் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடுகிறது. ஏ, டி, இ, கே வைட்டமின்களும் உடன் போகின்றன. டி குறைந்தால் எலும்பு மெலியும். கே குறைந்தால் இரத்தம் எளிதில் கசியும். ஆதலால் இக்குழந்தைகளுக்குப் பிற குழந்தைகளைவிட ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வரை ஆற்றல் தேவைப்படுகிறது.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. புட்டிப்பாலில் கூடுதலாக நீர் சேர்க்கலாகாது. எம்.சி.டி. எனப்படும் எண்ணெய், பித்தநீரின் துணையின்றியே உடலில் சேரக்கூடியது. மருத்துவர் குறித்த அளவில் அதைப் பாலிலோ கேப்பைக் கூழிலோ கலந்து கொடுக்கலாம். தேங்காய் எண்ணெயிலும் அவ்வகைக் கொழுப்பு ஓரளவு உண்டு, எனினும் முழு ஈடாகாது. திட உணவு தொடங்கிய குழந்தைக்குப் பாசிப்பருப்பும் நன்கு வெந்த முட்டையும் வேண்டும். புரதத்தையோ உப்பையோ நீங்களாகக் குறைக்காதீர்கள்; வயிற்றில் நீர் கோத்தால் உப்பின் அளவை நாங்கள் சொல்வோம்.

நோயுற்ற கல்லீரலால் இரவுக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைக்க இயலாது. நீண்ட நேரம் வெறும் வயிறாயிருந்தால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். எனவே உறங்கும் முன்னும், தேவைப்பட்டால் நள்ளிரவிலும் ஊட்டுங்கள். தேவாரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் பகலெல்லாம் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோதான் இருக்கின்றனர். அடுத்த முறை அவரையும் உடன் அழைத்து வாருங்கள், ஊட்டுபவர் அவரல்லவா!

எடை கூடுவதை மட்டும் கண்டு மகிழ்ந்துவிட இயலாது. வயிற்றில் கோத்த நீரும் எடையாகவே காட்டும். அதனால்தான் மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளக்கிறோம்.

பிறந்து இரண்டு வாரம் கடந்தும் காமாலை நீடித்து, மலமும் வெளிறியிருந்தால் உடனே கொண்டுவாருங்கள். பித்தநாள அடைப்புக்கான கசாய் அறுவை, 60 நாட்களுக்குள் செய்தால் கூடுதல் பலன் தரும். பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படினும், ஊட்டம் பெற்ற உடலே அதை நன்கு தாங்கும். 1998இல் டெல்லியில் வெற்றி கண்ட இந்தியாவின் முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று, பித்தநாள அடைப்போடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத்தான் நடந்தது. தந்தை தம் கல்லீரலில் ஒரு பகுதியை ஈந்தார்; பிள்ளை வளர்ந்து மருத்துவரானார்.

வாயால் போதிய அளவு உண்ணாத குழந்தைக்கு மூக்கு வழியே மெல்லிய குழாய் இட்டு இரவில் பால் செலுத்துவோம். அதைக் கையாளும் முறையை வீடு திரும்புமுன் செவிலியர் கற்றுத் தருவர்.