மருதையாற்றுப் பாலமும் ஒரு ராஜினாமாக் கடிதமும்

சென்னையிலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ரயிலில் போகிறவர்கள், அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலத்தைக் கடக்கிறார்கள். சில விநாடிகள்தான். கையில் இருக்கும் போனிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் பாலம் பின்னால் போய்விடும்.

1956 நவம்பர் 23. கார்த்திகை மாத மழையில் மருதையாறு பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் அந்தப் பாலத்துக்கு வந்தது. வெள்ளத்தில் பலவீனமாகிக் கிடந்த பாலம் தாங்கவில்லை. இன்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. தூக்கத்திலேயே போனவர்கள் பலர். இறந்தவர்கள் 140 பேருக்கும் மேல்.

அப்போது மத்திய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன்புதான் ஹைதராபாத் பக்கம் மெஹபூப்நகர் அருகே இதேபோல் ஒரு பாலம் இடிந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அப்போதே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார் சாஸ்திரி. பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு மறுபடியும் கடிதம் கொடுத்தார். இந்த முறை பின்வாங்கவில்லை.

நேரு அதை ஏற்றுக்கொண்டபோது நாடாளுமன்றத்தில் சொன்ன விளக்கம் முக்கியமானது. இந்த விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணம் இல்லை. ஆனாலும் அரசியல் சட்ட மரபு என்ற வகையில் இது ஒரு முன்மாதிரியாக இருக்கும் என்பதால் ஏற்கிறேன் என்றார். அதாவது, குற்றம் வேறு, பொறுப்பு வேறு.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது, எட்டாவது படிக்கும் பேரன் கேட்டான்: "அவர் ரயிலும் ஓட்டலை, பாலமும் கட்டலை. அப்புறம் எதுக்கு தாத்தா ராஜினாமா பண்ணணும்?"

நியாயமான கேள்விதான். டிவி விவாதங்களில் பெரியவர்களே கேட்கும் கேள்வி. அமைச்சர் வீட்டுக்குப் போய்விட்டால் தண்டவாளம் சரியாகிவிடுமா? அவனுக்கு சாஸ்திரியை வைத்துப் பதில் சொல்லவில்லை. என் அப்பாவை வைத்துச் சொன்னேன்.

என் அக்கா கல்யாணத்தில் மூன்றாவது பந்தி நடக்கும்போது சாம்பார் தீர்ந்துவிட்டது. பாயசமும் இல்லை. சம்பந்தி வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடந்தது இதுதான்: எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கெடுத்து சமையல்காரரிடம் சொல்லும் வேலை மாமாவுடையது, அவர் கணக்கு தவறிவிட்டது. அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் அவர் மாமாவைக் கூப்பிடவும் இல்லை, சமையல்காரரைத் திட்டவும் இல்லை. ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் போய்க் கைகூப்பி நின்று, "எங்க பக்கம் குறை ஆயிடுச்சு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் வாங்கிக்கொண்டுதான் அடுத்த இலைக்குப் போனார்.

அன்று இரவு மண்டபத்துத் திண்ணையில் அப்பா பக்கத்தில் மாமா வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நடந்த எந்தக் கல்யாணத்திலும், கணக்கை இரண்டு தடவை சரிபார்க்காமல் மாமா சமையல்காரரிடம் வாய் திறந்ததில்லை. அப்பா திட்டியிருந்தால் மாமா ஒரு சாக்கு சொல்லியிருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

பேரன் அத்துடன் விடவில்லை. "இப்ப யாராவது அப்படிப் பண்றாங்களா?" என்றான்.

பண்ணியிருக்கிறார்கள். 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசால் நிலையத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அன்றைய ரயில்வே அமைச்சர் நிதிஷ்குமார் பதவி விலகினார். ஆனால் அதற்குப் பிறகு வந்த காலத்தில், கீழே இருப்பவரைக் கைகாட்டுவதுதான் வழக்கமாகிவிட்டது. 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில், ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். மறுநாளே நகரப் போலீஸ் கமிஷனர் சஸ்பெண்ட் ஆனார். அரசு ஒரு பக்கம் கைகாட்டியது, எதிர்க்கட்சி இன்னொரு பக்கம். தார்மீகப் பொறுப்பு என்று சொல்லிப் பதவியை விட்டவர்கள் மாநில கிரிக்கெட் சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும். ஓட்டுக் கேட்டு வந்த யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நாற்காலியை விடவில்லை.

சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2023 ஜூன் 2 மாலை ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளானதை நாம் மறந்திருக்க மாட்டோம். 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் பணியில் நடந்த தவறுகள்தான் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. அடுத்த மாதம் ரயில்வே ஊழியர்கள் மூன்று பேர் கைதானார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் விபத்து நடந்த இடத்துக்கே போய், தண்டவாளம் சீராகி ரயில்கள் மறுபடி ஓடும்வரை அங்கே இருந்தார். அது சின்ன விஷயம் இல்லை. வெயிலில் நின்று வேலை வாங்குவதும் ஒரு வகைப் பொறுப்புதான். டெல்லியில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டுப் போவதைவிட அது மேல் என்று சொல்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. இத்தனை உயிர் போன பிறகு "இது என் துறை, இது என் பொறுப்பு" என்று மேலே யாரும் பதவியை முன்வைக்காமல், கடைசியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் மூன்று ஊழியர்கள் மட்டும்தான் என்றால், அடுத்த முறை ஒரு சிக்னல் பெட்டியில் சந்தேகம் வரும்போது கீழே இருப்பவர் அதை வெளியில் சொல்வாரா, மூடி மறைப்பாரா?

சாஸ்திரியின் ராஜினாமா அவருக்கு அரசியலில் லாபமாகத்தான் முடிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அது உண்மையும்கூட. 1957 தேர்தலில் ஜெயித்து மறுபடியும் அமைச்சரானார். 1964-ல், நம்ம காமராஜர் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, பிரதமராகவும் ஆனார். ஆனால் 1956 நவம்பரில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது இதெல்லாம் அவருக்குத் தெரியாது. கையில் வேறு பிழைப்பும் கிடையாது, சொத்தும் கிடையாது.

சொத்து என்றதும் அந்தக் கார் நினைவுக்கு வருகிறது. பிரதமரான பிறகு வீட்டுக்கென்று ஒரு ஃபியட் கார் வாங்க ஆசைப்பட்டார்கள். விலை 12,000 ரூபாய். வங்கிக் கணக்கில் இருந்தது 7,000. மீதி 5,000-த்துக்கு பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் வாங்கினார் பிரதமர். கடன் தீர்வதற்குள் 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இறந்துபோனார். பாக்கியைத் தன் ஓய்வூதியத்திலிருந்து மனைவி லலிதா சாஸ்திரி கட்டி முடித்தார் என்று மகன் அனில் சாஸ்திரி சொல்லியிருக்கிறார். டெல்லியில் சாஸ்திரி வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். அந்த ஃபியட் அங்கேதான் நிற்கிறது.

அடுத்த லீவில் டெல்லி போனால் பார்க்க வேண்டும் என்று பேரன் சொல்லியிருக்கிறான். அதற்கு முன்னால் திருச்சிக்கு ஒரு பயணம் இருக்கிறது. அரியலூர் வந்ததும் எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறான்.