சரவெடி ஊரில் ஒரு பொமரேனியன் குட்டி

பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக்கு நாய் வளர்ப்பு புதிதல்ல. முயல் விரட்டும் ஒல்லி வேட்டை நாய்க்குத் தன் பெயரையே தந்த சிப்பிப்பாறை பக்கத்தில்தான் இருக்கிறது. மேற்கே ராஜபாளையம். அந்த ஊர் வெள்ளை நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலை வெளியிட்டது. அவையெல்லாம் தோட்டம், தொழுவம், காடுகரை என்று வெட்டவெளியில் வளர்ந்த நாய்கள். இன்று தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் வீட்டுக்குள் வைத்து வளர்க்க விரும்புவது, நாம் பொமரேனியன் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிற ஸ்பிட்ஸ், பக், ஷிட்சூ போன்ற சின்ன ஜாதிகளை. நாட்டு நாய் வளர்த்த பழக்கம் இவற்றுக்கு அப்படியே ஒத்துவராது. கரிசல் வெயிலும் வெடிச் சத்தமும் இவற்றை வேறு மாதிரி பாதிக்கின்றன.

முதலில் சத்தம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 வரை கேட்கும். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அந்த வரம்புக்குள் அடங்கிய வெடியே குட்டிக்குப் பேரிடிதான். மற்ற ஊர்களில் தீபாவளியோடு போய்விடும். இங்கே பங்குனிப் பொங்கல், கல்யாண ஊர்வலம், துட்டி வீடு என்று ஆண்டு முழுக்க எங்காவது வெடி போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இதற்குப் பழக்க ஒரு பருவம் உண்டு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965இல் புத்தகமாக எழுதினார்கள். குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை அதன் மனம் திறந்திருக்கும் என்பது அவர்கள் கண்டது. அந்தக் காலத்தில் அச்சமில்லாமல் பார்த்த, கேட்ட, தொட்ட எதையும் அது உலகத்தின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு முதன்முறையாகச் சந்திப்பதை முதலில் சந்தேகப்படும்.

எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. அது நல்ல விதி. தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்கவேண்டியது அவ்வளவு இருக்கிறது. ஆனால் குட்டி நம் வீட்டுப் படியேறும்போது மீதி இருப்பது நான்கைந்து வாரம்தான். "குட்டிதானே, கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பழக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் மிக நல்ல காலத்தைத் தவறவிடுகிறார்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் விட்டால் பார்வோ வைரஸ் நோய் வந்துவிடும் என்ற பயம் நியாயமானதே. தரையில் விடவேண்டாம், தூக்கிக்கொண்டு போங்கள். பஸ் ஹாரன், ஆடு, தலையில் சும்மாடு வைத்தவர், ஹெல்மெட் போட்டவர் எல்லாரையும் மடியிலிருந்தபடியே பார்க்கட்டும்.

வெடிச் சத்தத்தை செல்போனில் பதிவுசெய்து, நமக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவில் ஒலிக்க விடுங்கள். சத்தம் வந்தவுடன் அவித்த கோழித் துணுக்கு ஒன்று. சத்தம் முன்னால், தீனி பின்னால். இந்த வரிசை மாறக் கூடாது. நாலைந்து தடவை போதும், அன்றைக்கு நிறுத்திவிடலாம். நாள் போகப்போக ஒலியை ஒரு புள்ளி ஏற்றலாம். குட்டி காதைப் பின்னால் மடித்தாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலோ அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். பழைய அளவுக்கே இறங்கவேண்டும். பழகட்டும் என்று நேரே சரவெடி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது கொடுமை. அது ஆயுள் முழுக்க நிற்கும் பயத்தைத்தான் தரும். பயந்த குட்டியை அணைத்தால் செல்லம் கொடுத்ததாகிவிடும் என்பார்கள். பயம் அப்படி வளர்வதில்லை. தயங்காமல் அணையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆலை விபத்தில் சொந்தபந்தத்தைப் பறிகொடுத்த வீடுகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தூரத்தில் பெரிய சத்தம் கேட்டால் பேச்சு நின்று, எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள். புரியாத எதையும் கண்டால் நாய் முதலில் தன் மனிதரின் முகத்தைப் பார்க்கும். அந்தப் பதற்றத்தை அது கற்றுக்கொள்வதைத் தடுக்க முடியாது. தடுக்கச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. மற்ற நாட்களில் கேட்ட நூறு சாதாரணச் சத்தங்களும் அவற்றோடு வந்த தீனியும்தான் அதற்குத் துணை.

சீவுவதும் குளிப்பாட்டுவதும் இதே பயிற்சியின் மறுபக்கம். முதல் வாரம் சீப்பையே எடுக்கவேண்டாம். பாதத்தை ஒரு நொடி பிடித்து விடுங்கள், ஒரு துணுக்கு கொடுங்கள். காதைத் தூக்கிப் பார்த்து ஒரு துணுக்கு. உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து ஒரு துணுக்கு. தொடுவதற்கு இசைந்த குட்டியை மருத்துவரும் அமுக்கிப் பிடிக்கத் தேவையிருக்காது. பிறகு சீப்பு. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் பின்தொடையிலும்தான் சிக்கு விழும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். ஈரம் பட்டால் இறுகிவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும், அதுவும் நாய்க்கான ஷாம்பூவில். நாம் போடும் சோப்பு அதன் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்த நாளம். அதற்கு முன்பே நிறுத்தி, நுனியை மட்டும் வெட்டவேண்டும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கத்தை விட்டேதீர வேண்டும். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் உள்ளேயும் போகும். எடைக்கேற்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் தருவார்.

வெயிலுக்குப் பாவம் என்று பொமரேனியனை மொட்டையடிக்கிறார்கள். அதன் ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளடுக்கு வெப்பத்தையும் தடுக்கும். மழித்தால் தோல் வெந்துபோகும், சிலவற்றுக்கு முடி திரும்ப முளைப்பதேயில்லை. உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுத்தாலே போதும். ஷிட்சூ வேறு வகை. அதன் முடி வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கத்தரிக்கலாம். பக் பற்றி என் கருத்து கடுமையானது. ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரம் அதை நாடெங்கும் பிரபலமாக்கியது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிரவைக்கிறது. முகம் சப்பையான பக்குக்கு அந்த வழியே குறுகல். சித்திரை வெயிலில் தகிக்கும் ஊருக்கு அதை வாங்கி வராதீர்கள்.

சிறுநீர்ப் பழக்கத்துக்குச் சுருக்கமான வழி: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. சரியான இடத்தில் போன அடுத்த நொடியே தீனி கொடுங்கள். தவறிய இடத்தில் மூக்கைத் தேய்த்தால், ஒளிந்து போய் இருக்க மட்டும் கற்றுக்கொள்ளும். "உக்காரு", "வா", "விடு" என்று எதைச் சொன்னாலும் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். கழுத்துப் பட்டையை இழுத்தால் சின்ன ஜாதிகளின் மெல்லிய மூச்சுக்குழாய் நசுங்கும். மார்பைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது. சாத்தூர் சேவு பாசத்தோடு நீட்டப்படும் வீடுகளில் ஒரு வேண்டுகோள்: அதிலுள்ள பூண்டு நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், காரமும் உப்பும் வேறு. கொடுக்காதீர்கள்.

வேலைவிட்டு வந்ததும் குட்டி பாய்ந்து வந்து காலை நக்கும். கை கால் கழுவி, உடை மாற்றிய பிறகே தூக்குங்கள். உடம்பில் ஒட்டிய வெடிமருந்துத் தூளை அது நக்கக் கூடாது. தீக்குச்சித் தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டும் நாய்க்கு விஷம்தான்.

தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று 2018 முதல் பட்டாசு வெடிக்க நேரம் குறித்திருக்கிறார்கள். ஊர் அதோடு நிறுத்தாது என்றாலும் திட்டமிட அது உதவும். முன்னதாகவே நடக்கக் கூட்டிப்போய்விட்டு, உள்ளறையில் ஃபேனும் டிவியும் ஓட, யாராவது ஒருவர் கூடவே இருங்கள். மிரண்டால் எந்தச் சந்திலும் நுழைந்து ஓடிவிடும், ஹார்னஸில் செல் நம்பர் எழுதி வையுங்கள். நடுக்கம் நிற்காத குட்டிக்கு மருத்துவர் மருந்து தருவார்; அதை முன்கூட்டியே கேட்டு வாங்கவேண்டும், நாம் விழுங்கும் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. மறுநாள் காலை முற்றம் முழுக்க வெடித்ததும் வெடிக்காததுமாகக் காகிதக் குப்பை கிடக்கும். பல் முளைக்கிற குட்டி கண்டதையெல்லாம் கடிக்கும். பெருக்கி அள்ளி, தண்ணீர் தெளித்த பிறகே அதை வெளியே விடுங்கள்.