குருத்தெலும்பு மீண்டும் துளிர்க்குமா?

குருத்து என்பது இளந்தளிர். தேரிக்காட்டுப் பனையில் ஓலையை வெட்டினாலும் நடுவிலிருந்து புதுக்குருத்து எழும். மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தி உராய்வைத் தடுக்கும் வழுவழுப்பான பகுதியையும் குருத்தெலும்பு என்றே வழங்குகின்றோம். ஆயின் இக்குருத்து எளிதில் துளிர்ப்பதன்று. இதனுள் குருதிக்குழாய்கள் இல்லை. ஆதலின் காயத்தை ஆற்றும் அணுக்கள் அங்குச் சென்று சேர்தல் அரிது. ஒருமுறை அழிந்தால் அது மீள்வதில்லை என இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743-இலேயே எழுதினார்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் உப்பளத்தில் உழைத்தோரும் மிகுந்தது நம் தூத்துக்குடி. பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களைக் காண்கிறோம். ஊசி போட்டால் தேய்ந்த மூட்டு வளரும் என்று கேள்வியுற்று நகையை அடகு வைக்க முனைவோரும் உளர். எனவே எந்த ஊசி எதைச் செய்யும் என அறிதல் இன்றியமையாதது.

ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தையும் வலியையும் சில வாரங்கள் தணிக்கும், எதையும் வளர்ப்பதில்லை. பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஈராண்டுகள் இட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதில் ஸ்டீராய்டு பெற்றோரின் குருத்தெலும்பு, உப்புநீர் ஊசி பெற்றோரினும் மிகுதியாகத் தேய்ந்திருந்தது. ஹயலுரானிக் அமில ஊசி, வண்டி அச்சுக்கு மசகிடுவது போன்றது. நோயாளியின் குருதியிலிருந்தே பிரிக்கும் தட்டணுச் செறிவு ஊசியை இன்று பலர் நாடுகின்றனர். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அது வலியிலோ குருத்தெலும்பின் அளவிலோ உப்புநீரை விஞ்சவில்லை.

அணுக்களையே செலுத்தும் முறை வேறு. முத்தறிந்த நமக்கு அதனை விளக்குதல் எளிது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்தபோது, ஒரு சிப்பியின் மேலுறைத் துணுக்கை மணி ஒன்றுடன் மற்றொரு சிப்பியுள் வைத்தனர். துணுக்கின் அணுக்கள் பெருகிப் பையாகி, மணியின்மேல் முத்துப்பூச்சைச் சுரந்தன. சுவீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்ட முறையும் ஏறக்குறைய இத்தகையதே. நோயாளியின் மூட்டிலிருந்தே துணுக்கெடுத்து, அணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி, குருத்தெலும்பு பெயர்ந்த குழியில் ஊசியால் செலுத்தி, எலும்புறையால் மூடித் தைத்தனர். தொடையெலும்பு முனையில் இச்சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேர் நலமுற்றனர். முழங்காற்சில்லில் பெற்ற எழுவரில் இருவரே. அவர்களிடம் இருந்தது ஓரிடத்துக் குழி. முதுமையால் மூட்டு முழுதும் தேய்ந்த நிலையன்று. இவ்வேறுபாட்டை விழுங்கிவிட்டுப் பேசுவோரிடம் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

முதுமைத் தேய்மானத்திற்கென பெங்களூரில் உருவான ஊசிக்கு 2022-இல் இந்திய அரசு ஒப்புதல் கிடைத்தது. கொடையாளரின் எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த குருத்தணுக்கள் கொண்டது அது (இங்கும் ஒரு குருத்து!). 146 பேரிடம் நிகழ்ந்த ஆய்வில் ஓராண்டில் வலி குறைந்தது. குருத்தெலும்பு மேலும் கெடாமல் நின்றதற்கான அறிகுறியும் தென்பட்டது. அழிந்த பகுதி புதிதாய் வளர்ந்ததென நிறுவப்படவில்லை.

ஆகவே ஊசிக்கு இசையுமுன் மருத்துவரிடம் இரண்டு கேட்கலாம்: எம் மூட்டில் இருப்பது குழியா, தேய்மானமா? இவ்வூசி வலி தணிக்கவா, வளர்க்கவா? தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும் அடகுக்கடை தேவையில்லை.