ஒரு நூலை அகற்றும் முன்

"இதெல்லாம் நம்மட புள்ளைகள் வாசிக்கிற புத்தகமா?" பாடசாலை நூலகத்திலிருந்து வந்த நாவலொன்றின் பாலியல் வர்ணனையைப் பார்த்து அதிர்ந்த ஒரு தாய் இப்படிக் கேட்டால், அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு யார், எந்த வழியில் பதில் சொல்வது என்பதில்தான் சிக்கல். ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதை விளங்கிக்கொள்ள உதவும்.

நியூயோர்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் கல்விச் சபை உறுப்பினர் மூவர் 1975 செப்டெம்பரில் பெற்றோர் அமைப்பொன்றின் மாநாட்டுக்குப் போனார்கள். ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியல்களோடு திரும்பினார்கள். அவற்றுள் பதினொன்று தமது பாடசாலைகளிலும் இருந்தன. 1976 பெப்ரவரியில் அவற்றை எடுத்துவிடும்படி சபை பணித்தது. இப்படியான முறைப்பாடுகளுக்கென்று ஏற்கனவே ஒரு நடைமுறை இருக்கிறதே என்று கல்வி அத்தியட்சகர் நினைவூட்டியும் பலனில்லை.

பின்னர் பெற்றோர் நால்வரும் பாடசாலை ஊழியர் நால்வரும் கொண்ட குழுவைச் சபையே நியமித்தது. ஐந்து நூல்கள் இருக்கலாம், இரண்டை நீக்கலாம், ஒன்றைப் பெற்றோரின் அனுமதியோடு கொடுக்கலாம் என்றது குழு. எஞ்சிய மூன்றில் முடிவு எட்டப்படவில்லை. சபையோ அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு ஒன்பது நூல்களை நீக்கியது. ஆபாசம் மட்டும் காரணமாகச் சொல்லப்படவில்லை. நாட்டுக்கு எதிரானவை, மதத்துக்கு எதிரானவை என்றும் சொல்லப்பட்டது. நீக்கப்பட்டவற்றுள் கறுப்பின எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்பும், புலிட்சர் பரிசு பெற்ற பேர்னாட் மலமுட்டின் நாவலும் இருந்தன.

ஸ்டீவன் பிக்கோ முதலிய மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1982 ஜூனில் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்று பிரிந்து மாணவர் பக்கம் நின்றது. கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக நூலை அகற்ற முடியாது; நூல் முழுக்க ஆபாசம் பரவியிருந்தால், அல்லது கல்விக்குப் பொருத்தமற்றதென்றால் அகற்றலாம். பிரதான கருத்துரையை எழுதிய நீதியரசர் பிரென்னனின் நிலைப்பாடு இது.

ஆகவே, பிள்ளைகளின் வெட்கத்தையும் வயதையும் காப்பது வேறு; அந்தப் பெயரில் பிடிக்காத குரலை அடைப்பது வேறு. பிழையாக வாசிக்கப்படுவதன் வலி நமக்குப் புதிதல்ல. 'நவரசம்' கவிதைத் தொகுப்பை முன்னிட்டு 2020 இல் கைதான அஹ்னாப் ஜஸீம் 2023 இல்தான் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். நமது நூலுக்கு நாம் கேட்கும் நீதியைப் பிறரின் நூலுக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

அதற்காக, எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதல்ல. பாடசாலை நூலகம் ஓர் அமானிதம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் உயர்தர மாணவனுக்கும் ஒரே தட்டில் நூல் வைப்பது நூலகரின் கவனக்குறைவு. நன்கொடையாக வந்த பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே அடுக்குவதும் அப்படித்தான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெற்றோர், தாம் எதிர்ப்பதைத் தாமே நூறு கைகளில் சேர்க்கிறார்கள். முழு நூலையும் வாசித்து, எழுத்தில் முறையிடுவதே நேர்மை. முடிவெடுப்போரும் வாசித்து, நூலகரையும் கேட்டு, காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவும் நடந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்ட பிள்ளையின் மனதில் கேள்விகள் இருக்கும். உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் இருத்திப் பேசாவிட்டால், அது பதிலை வேறெங்காவது தேடிக்கொள்ளும்.